நல்லெண்ணத் தொகை

முன்னறையில் இருந்த ஒரே பிளக்கை அப்பாவின் உடலை வைத்திருந்த குளிர்பெட்டி எடுத்துக்கொண்டிருந்தது. மகள் முட்டி போட்டு, பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே தலையை நுழைத்து, இன்னொரு பிளக் எங்காவது இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். கையில் சார்ஜர் வயர் தொங்கியது.

"அக்கா, எழுந்திரு. எல்லாரும் பாக்குறாங்க," என்றான் தம்பி, உதடு அசையாமல்.

"மூணு மணிக்கு போன் வரும்டா."

"வண்டியும் மூணு மணிக்குத்தான் வருது. அப்பாவைக் கிடத்திட்டு பேங்க்கோட பேரம் பேசப் போறியா?"

"பேரம் இல்ல, விசாரணை. போன தடவை ஆஸ்பத்திரியில இருந்ததால எடுக்கல. இந்தத் தடவையும் எடுக்கலன்னா அப்பாவோட மனுவை மூடிருவாங்க."

பெட்டி ஒருமுறை உறுமி அடங்கியது. அப்பா ஆயுள் முழுக்க ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்த்தவர்.

"கம்ப்ரசர் இழுக்குது," என்றான் தம்பி. "அவர் மட்டும் எழுந்திருக்க முடிஞ்சா, முதல்ல இதைக் கவுத்துப் போட்டு ஸ்க்ரூ கழட்டியிருப்பார்." சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு வாசலுக்குப் போனான்.

சமையலறையில் மிக்ஸியின் வயரைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் சார்ஜரைச் செருகினாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அத்தை என்னவோ கேட்டாள். அவள் பின்வாசல் வரை நடந்தாள், திரும்பி வந்தாள், கைபேசியைப் பார்த்தாள்.

ரிப்பேர் கடை நொடித்தபோது அப்பா ஓடி ஒளியவில்லை. கடன் கொடுத்த எல்லோரிடமும் பேசி, நீதிமன்றத்தில் பதிந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். ஐந்து வருடம், வீட்டுச் செலவு போக மிச்சமெல்லாம் ஒரு கண்காணிப்பாளரிடம் போகும். அவர் அதைப் பங்கு பிரித்துக் கொடுப்பார். முடிந்ததும் பாக்கிக் கடன் தள்ளுபடி. அதுவரை யாரும் வட்டியோ அபராதமோ போடக் கூடாது. அந்த ஐந்து வருடமும் ஒரு மெத்தை வாங்கக்கூடக் கண்காணிப்பாளரின் சம்மதம் வேண்டியிருந்தது. அம்மாதான் அவருக்குப் பெரியப்பா என்று பெயர் வைத்தாள். "புதுச் செருப்பா? பெரியப்பாவைக் கேளு." ஒப்பந்தம் முடிந்த பிறகும் வீட்டில் அந்தப் பேச்சு போகவில்லை. இன்று காலை தம்பி அப்பாவை வைக்கப்போகும் மரப்பெட்டியின் விலையைச் சொன்னபோது, அம்மா அழுகைக்கு நடுவே, "பெரியப்பாகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டாள்.

எல்லாக் கடன்காரர்களும் ஒப்பந்தத்தை மதித்தார்கள், ஒரு வங்கியைத் தவிர. தவணை தவறியதற்கு ஒரு கட்டணம், தவறியதைத் தெரிவித்ததற்கு இன்னொரு கட்டணம் என்று மாதாமாதம் அது சத்தமில்லாமல் எழுதிக்கொண்டே வந்தது. ஒப்பந்தம் முடிந்து அப்பா முதன்முதலாகக் கொஞ்சம் சேர்த்தபோது மொத்தத்தையும் அவர் கணக்கிலிருந்து உருவிக்கொண்டது. அன்றிலிருந்து அப்பா அதைத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். வங்கி இரண்டு முறை மறுத்தது. பிறகு வங்கிகள் மேல் வரும் புகாரை விசாரிக்கும் குறைதீர்ப்பு அலுவலகத்துக்குப் போனார். ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான், தனக்குப் பதிலாகப் பேச மகளின் பெயரைப் பதிந்து கொடுத்தார்.

முன்னறையில் சலசலப்புக் கேட்டது. எட்டிப் பார்த்தாள். கண்காணிப்பாளர் வந்திருந்தார், கையில் மாலையை எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல். யாரோ "இவர் யாரு?" என்று கேட்க, அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பெரியப்பா," என்றாள்.

அவ்வளவுதான். பக்கத்து வீட்டுத் தையற்காரர் எழுந்து அவரைக் கட்டிக்கொண்டார். "கூடப் பிறந்தவரைப் பறிகொடுத்துட்டீங்களே ஐயா!" அப்பாவைவிடப் பத்து வயதாவது இளையவர் அவர். இரண்டு பேர் நகர்ந்து தலைமாட்டில் நாற்காலி போட்டார்கள். "பரவாயில்லீங்க, பரவாயில்லீங்க," என்றபடி அவர் உட்கார்ந்தார். மறுத்துச் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கேட்கும் சாக்கில் சமையலறைக்கு வந்தார்.

"விசாரணை இன்னைக்குத்தானேம்மா? உங்கப்பா போன வாரம் போன்ல சொன்னார்."

"ஆமா சார். ஜெயிச்சிருவோமா?"

"வாய்ப்பு இருக்கு. ஆனா..." டம்ளரை மேடையில் வைத்தார். "பணம் உங்க கைக்கு வராது. அந்தக் கட்டணமெல்லாம் ஒப்பந்தக் காலத்துல போட்டது. திரும்ப வந்தா நான் பழைய கணக்கைத் திறந்து, கடன் குடுத்தவங்களுக்குத்தான் பிரிச்சுக் குடுக்கணும். அதுல பெரிய பங்கு..."

"அந்த பேங்க்குக்கா?"

தலையசைத்தார்.

"இது அப்பாவுக்குத் தெரியுமா?"

"முதல் நாளே சொல்லிட்டேன். 'சரி சார், மனுவை எப்படி எழுதணும்னு மட்டும் சொல்லுங்க'ன்னார்."

அவளுக்கு அப்பாவின் மேல் கோபம் வந்தது. வெயிலில் அந்த வங்கி வாசலில் நின்று கால் வீங்கி வந்த மனிதர். "அப்ப எதுக்கு சார் இவ்வளவு அலைச்சல்?"

அவர் டம்ளரைக் கழுவி, கவிழ்த்து வைத்தார்.

கைபேசி அடித்தது. அவள் வயரைப் பிடுங்கிக்கொண்டு பின்னறைக்கு ஓடிக் கதவைச் சாத்தினாள்.

குறைதீர்ப்பு அதிகாரி ஒரு பெண். வங்கியின் சார்பில் பேசியவன் குரலை வைத்துப் பார்த்தால் சின்ன வயதுக்காரன். மகள் முதலிலேயே சொல்லிவிட்டாள்: "அப்பா நேத்து சாயங்காலம் இறந்துட்டார். இன்னும் எடுக்கல."

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "வருந்துறேன்மா. தள்ளி வைக்கலாம். ஆனா வாரிசுச் சான்றிதழோட மறுபடி முதல்லேருந்து தொடங்கணும். வங்கிக்கு ஆட்சேபம் இல்லன்னா இன்னைக்கே கேக்கலாம்."

"இன்னைக்கே கேளுங்க."

"எங்களுக்கு ஆட்சேபம் இல்ல," என்றான் இளைஞன். "விசாரணையே வேண்டாம்னுதான் பாக்குறோம் மேடம். பாதித் தொகையை நல்லெண்ண அடிப்படையில குடுத்துடறோம். இது கட்டணத்தைத் திருப்பித் தர்றது கிடையாது. அதனால ஒப்பந்தக் கணக்குக்குப் போகாது. நேரா உங்க குடும்பத்துக்கே வரும்."

"அப்ப, கட்டணம் போட்டது தப்புன்னு ஒத்துக்கறீங்களா?"

"தப்புன்னு இல்லீங்க. நல்லெண்ணம்."

அந்த அறையில் மூன்று எட்டுக்கு மேல் நடக்க முடியாது. நடந்தாள். மரப்பெட்டிக்கும் வண்டிக்கும் தம்பி கிரெடிட் கார்டைத் தேய்த்திருந்தான். பாதித் தொகை அதற்குச் சரியாக இருக்கும், மேலே கொஞ்சம் மிஞ்சும். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கதவுக்கு அப்பால் ஆட்களின் காலடி நெருக்கமாகக் கேட்டது. யாரோ "மெதுவா, மெதுவா" என்றார்கள். காலையிலிருந்து வீட்டை நிறைத்திருந்த உறுமல் சட்டென்று நின்றது.

"போன மாசம் சாருக்கும் இதைத்தான் சொன்னோம்," என்றான் இளைஞன்.

அவள் நின்றாள். "அவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல மேடம். அப்புறம், 'சாப்ட்டீங்களா தம்பி'ன்னு கேட்டார். வச்சுட்டார்."

வெளியே வண்டியின் ஹாரன் அடித்தது.

"வேண்டாம்," என்றாள். "முடிவை நீங்க எழுதிக் குடுங்க மேடம்."

"பாதகமா வந்தா ஒண்ணுமே கிடைக்காதும்மா," என்றார் அதிகாரி. "சாதகமா வந்தாலும் பணம்..."

"தெரியும். கேள்வியைக் கேளுங்க."

கேட்டார். அவள் சொன்னாள். இரண்டாவது முறை ஹாரன் அடித்தபோது வாசலில் தம்பி யாரையோ அதட்டுவது கேட்டது: "இருய்யா, அக்கா வரணும்ல!"

வெளியே வந்தபோது மரப்பெட்டியை ஏற்றிவிட்டிருந்தார்கள். டிரைவருக்குப் பக்கத்தில், மூத்தவர் என்ற மரியாதையில், கண்காணிப்பாளரை உட்காரவைத்திருந்தார்கள். தம்பி பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"முடிஞ்சுதா?"

"பாதி தர்றேன்னாங்க. நம்ம கையில."

"வாங்கிட்டியா?"

"இல்ல. முடிவு வந்து ஜெயிச்சாலும் நமக்கு ஒண்ணும் வராது. அப்பாவுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்குடா. அவரும் வாங்கல."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு தெருவைப் பார்த்தான். கை தானாகச் சட்டைப் பைக்குப் போய், அங்கிருந்த கார்டைத் தொட்டுவிட்டுக் கீழே இறங்கியது. "நல்லாத்தான் இருக்கு, அவரும் நீயும்..." என்று ஆரம்பித்துவிட்டுக் கதவை அகலத் திறந்தான்.

"ஏறு," என்றான்.

வண்டிக்குள் இரண்டு பக்கமும் பலகை, நடுவில் பெட்டி. அதைப் பிணைத்து வைக்க எதுவும் இல்லை. தெரு முனையில் வண்டி ஒடித்துத் திரும்பியதும் பெட்டி அவள் பக்கமாகச் சறுக்கி வந்தது. கை எட்டுவதற்குள் அவள் காலை நீட்டித் தடுத்தாள். தடுத்த பிறகுதான் காலில் செருப்பு இருப்பதைப் பார்த்தாள். உதறிவிட்டு வெறுங்காலால் தாங்கினாள். அடுத்த திருப்பத்தில் பெட்டி எதிர்ப்பக்கம் போனது. தம்பி குனிந்து ஷூவின் நாடாவை அவிழ்த்தான், ஒன்று, பிறகு இன்னொன்று. காலுறையோடு இரண்டு பாதங்களையும் தன் பக்கத்திலிருந்து பெட்டியின் பக்கவாட்டில் பதித்துக்கொண்டான்.

சாலை கொஞ்ச தூரத்தில் நேரானது. இருவரும் காலை எடுக்கவில்லை.