தேடல் பெட்டியில் பிள்ளையார் சுழி

நூல் மில்லின் கடிதம், புகார், ரிப்பேர் குறிப்பு எல்லாம் அலுவலகம் முழுக்கப் பயன்படுத்திய ஒரு பழைய மென்பொருளுக்குள் கிடந்தன. அவற்றை உருவியெடுத்து, தேடினால் கிடைக்கும்படி செய்வது நாகஜோதியின் வேலை. மேனேஜர் பொன்னுத்துரை இன்று சரியென்றால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் அம்மாவோடு கன்னிவாடிப் பக்கம் களையெடுக்கப் போக வேண்டியதுதான். அந்த வெயில் அவளுக்குத் தெரியும்.

காலையில் சோதித்துப் பார்த்தபோது, எதைத் தேடினாலும் வந்ததெல்லாம் ஒரே தலைப்பு: உ. மில்லில் யாரும் பிள்ளையார் சுழி போடாமல் எதையும் எழுதியதில்லை. தலைப்புக் கட்டத்தில் சுழியைப் போட்டுவிட்டு, விஷயத்தைக் கீழே எழுதியிருந்தார்கள். அவள் அத்தனை சுழியையும் துடைத்துவிட்டு, விஷயத்தின் முதல் வரியைத் தலைப்பாக்கினாள்.

மதியம் பொன்னுத்துரை வந்து உட்கார்ந்தார். "என்னத்தா, பேரிங் எப்ப மாத்துனோம்னு கெடைக்குமா?"

"தட்டுங்க சார், வந்து விழும்."

ஒற்றை விரலால் தட்டினார். எதுவும் கிடைக்கவில்லை என்று வந்தது.

"இதுக்குத்தான் இம்புட்டு நாளா ஏசி ரூமுல உக்காந்திருந்தியா?"

நாகஜோதி எட்டிப் பார்த்தாள். பெட்டியில் 'உ பேரிங்' என்றிருந்தது. எந்தக் குறிப்பிலும்தான் அவள் உ-வை விட்டுவைக்கவில்லையே.

"முன்னாடி அது எதுக்கு சார்?"

"மொத மொதல்ல தொடங்குறோம். சுழி போடாம எப்படித்தா?"

துடைத்ததைச் சொன்னால் வேலை போய்விடும். "செத்த நேரம் இருங்க சார்" என்று விசைப்பலகையை இழுத்து, தேடல் பெட்டிக்கு மேலே பெரிதாக ஒரு உ போட்டாள். "இனி யார் தேடுனாலும் சாமி முன்னாடியே இருப்பாரு. நீங்க பேரிங்கை மட்டும் தட்டுங்க."

பேரிங் வந்து விழுந்தது. பொன்னுத்துரை திரையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவளுடைய வேலை உத்தரவில் கையெழுத்தும் போட்டார், மேலே மறக்காமல் ஒரு சுழியோடு.