கம்பெனி பாடி

பழைய பிக்கப் வண்டிகளில் எது கம்பெனி போட்டது, எது பிற்பாடு மாட்டியது என்று கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரன். இப்படிச் சொல்வது நான் ஒருவன்தான் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். அதன் பிறகு ரிஜெக்ட் செய்ய வீட்டில் மனைவி சுஜாதாவைத் தவிர எதுவும் கிடைக்கவில்லை, அவளும் இணங்கவில்லை. ஆகவே யூடியூபில் அமெரிக்காக்காரர்களின் வீடியோக்களைப் பார்த்து இந்த வித்தையைக் கற்றுக்கொண்டேன். டார்ச், காந்தம், சின்னக் கண்ணாடி எல்லாம் போட்டு ஒரு பையும் வைத்துக்கொண்டேன்.

எங்கள் மகள் ஜெயப்ரியாவும் அவளோடு வேலை செய்யும் ஹரீஷ்குமாரும் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவு செய்துவிட்டார்கள். பெரியவர்கள் சம்மதிக்க வேண்டியதுதான் பாக்கி. அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை பையன் வீட்டுக்கு, நாகரசம்பட்டிக்குக் கிளம்பினோம்.

காரில் சுஜாதா ஆரம்பித்தாள். "ஏங்க, அங்க போயி எதையும் தட்டிப் பாக்காதீங்க. சுவரு, டைல்ஸ், ஆளுங்க, எதையுமே."

"அப்பா, அந்தப் பைய கார்லயே வெச்சுட்டு வாங்க" என்றாள் ஜெயப்ரியா.

வைத்துவிட்டுத்தான் இறங்கினேன். டார்ச் மட்டும் சட்டைப் பையில் இருந்தது.

மாந்தோப்பை ஒட்டிய வீடு. பையனின் அப்பா கிருஷ்ணப்பன் வாசலுக்கே வந்து கும்பிட்டார். காபி குடித்து முடிப்பதற்குள், "வாங்க சார், உங்களுக்கு ஒன்னு காட்டணும். தம்பி சொல்லுச்சு, உங்களுக்கு வண்டின்னா உசுருன்னு" என்று என்னைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். மற்றவர்களும் பின்னால் வந்தார்கள்.

உள்ளே ஒரு பழைய பிக்கப். பச்சை நிறம், துடைத்துத் துடைத்துப் பளபளப்பு.

"எங்கப்பா புதுசா எடுத்தது. மாங்கா லோடு அடிச்ச வண்டி. ஒரு சாமான் மாத்தலைன்னு எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாரு. முழுக்கக் கம்பெனி. நல்லாப் பாருங்க சார்."

'நல்லாப் பாருங்க' என்று ஒரு பரிசோதகனிடம் சொல்லக் கூடாது. பார்த்தேன். பின்னால் லோடு ஏற்றும் தளத்தின் தகடு வழவழவென்று இருந்தது. கம்பெனித் தகடு என்றால் இருக்க வேண்டிய, அச்சில் அழுத்திய வரிகளைக் காணோம். மூலைகளில் கையால் வைத்த வெல்டிங். பின்கதவில் வீட்டு ஜன்னலுக்குப் போடுகிற மாதிரிக் கீல். சுஜாதா இருமினாள். தொண்டைக் கரகரப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

"முன்பக்கம் ஒரிஜினல் சார். பின்னாடி இருக்குற பாடி மட்டும் மாத்துனது. பழசு போயி, இது லோக்கல்ல கட்டிப் போட்டது" என்றேன். எனக்கே பிடித்திருந்தது, நான் சொன்ன தோரணை.

கிருஷ்ணப்பன் கையிலிருந்த, வண்டி துடைக்கும் துணியை நான்காக மடித்தார். பிறகு விரித்தார். "அப்ப எங்கப்பா எங்கிட்டப் பொய் சொல்லிட்டாரா சார்?"

அந்த இடத்தில் ஒரு மனிதன் நிறுத்தியிருப்பான். நான், "இருங்க, ப்ரூஃபே காட்டுறேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தேன். கணக்கு எளிது. முன்பு வேறு பாடி இருந்திருந்தால், அதை மாட்டிய போல்ட் துளைகள் சேசிஸில், அதாவது அடிச்சட்டத்தில், வெறுமையாக நிற்க வேண்டும்.

மேலே பையனின் அம்மா சரோஜம்மாளின் சிரிப்பு கேட்டது. "நான் வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து கம்பெனி வண்டி, கம்பெனி வண்டின்னு என் காதே செவிடாப் போச்சு. இன்னிக்குத்தான் ஒருத்தர் வந்து ஒடச்சாரு!"

"கம்முனு இரு சரோஜா." கிருஷ்ணப்பன் அதட்டினார். "ஹரீஷு, இவங்களுக்கு அவசர வேலை இருக்கும்போல. கார் வரைக்கும் போயி அனுப்பிவெச்சுட்டு வா."

"அப்பா, ஒரு வண்டிக்காகவா?"

"வண்டிக்கு இல்லடா. செத்துப்போனவரைப் பொய்யன்னு சொல்ற வீட்டுல எப்பிடிப் பொண்ணெடுக்கறது?"

ஜெயப்ரியாவின் கால்கள் மட்டும் சக்கரத்துக்குப் பக்கத்தில் தெரிந்தன. ஒரு கால் விரல் தரையைக் கீறிக்கொண்டிருந்தது. குழந்தையில் அழுகையை அடக்கும்போதும் அப்படித்தான் செய்வாள்.

நான் டார்ச்சை அடித்தேன். துளைகள் இருந்தன. எல்லாவற்றிலும் போல்ட் இருந்தது. வெற்றுத் துளை ஒன்றுகூட இல்லை. பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவில் வைத்த மரக்கட்டை, வைத்த நாளிலிருந்து அசையாமல் இரும்போடு ஒட்டிப்போயிருந்தது.

அப்போதுதான் உறைத்தது. அமெரிக்காவில் கம்பெனியே பாடியோடு வண்டியை விற்றது. இங்கே முன்பக்கமும் சேசிஸும் மட்டும் வாங்கி வந்து, பட்டறையில் பாடி கட்டிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். பெரியவரும் அப்படித்தான் கட்டியிருக்கிறார். இல்லாத பாடியை எப்படி மாற்ற முடியும்? லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளைத் தினமும் கடந்து வேலைக்குப் போனவன் நான். ஒருநாளும் இது தோன்றவில்லை.

சர்வீஸில் நான் போட்ட ரிஜெக்டைத் திரும்ப வாங்கியதே கிடையாது. இப்போதும் வாங்க வேண்டிய அவசியம் இல்லை. பழைய துளையைப் பார்த்தேன் என்று சொன்னால் போதும். வேறு யார் இதற்குள் நுழைந்து பார்க்கப்போகிறார்கள்? வெட்கமாகத்தான் இருக்கிறது, அப்படியும் ஒரு கணம் நினைத்தேன். வெளியே வந்து கம்பீரமாகச் சொல்லலாம் என்று உடம்பை இழுத்தேன். வேட்டி ஸ்டெப்னி கொக்கியில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது.

எனவே அடியிலிருந்தே கத்தினேன். "சார், தப்பு என்னுது! மாத்தலை! உங்கப்பா சொன்னதுதான் நெசம்!"

கிருஷ்ணப்பனின் முகம் தலைகீழாக உள்ளே எட்டிப் பார்த்தது. "என்ன சார் சொல்றீங்க?"

மல்லாந்து கிடந்தபடி துளை, போல்ட், கட்டை என்று வரிசையாக விளக்கினேன். அவரும் படுத்து, டார்ச்சை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் அந்தக் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இது கம்பெனி பாடி இல்லைதானே?" என்றார் சரோஜம்மாள், மேலேயிருந்து.

"இல்லைங்கம்மா. ஆனா வண்டிக்கு இதுதான் மொத பாடி."

"எனக்கு அது போதும்."

"எனக்கு இது போதும்" என்றார் கிருஷ்ணப்பன் அடியிலிருந்து. பிறகு என் பக்கம் திரும்பி, "எந்தப் பட்டறைல கட்டினதுன்னு ஏதாச்சும் தெரியுதுங்களா?" என்று கேட்டார்.

"தெரியலைங்க."

"கேட்டீங்களா, அவருக்குத் தெரியலையாம்!" என்று சுஜாதா சரோஜம்மாளிடம் சொன்னது கேட்டது. "அவரு வாயால இத ஒருதரம் கேக்கணும்னு காத்துக் கெடந்தேங்க."

கிருஷ்ணப்பன் சிரித்துவிட்டார். கொக்கியிலிருந்து என் வேட்டியை அவரே விடுவித்தார். கால்முழம் கிழிந்து கையோடு வந்தது. "வெளிய வாங்க சம்பந்தி. கை கழுவுங்க. இலை போடச் சொல்றேன்."

சம்பந்தம் முடிவாகாத வீட்டில் நாங்கள் கை நனைப்பதில்லை. சுஜாதாவைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே பந்திப் பாயை விரித்துக்கொண்டிருந்தாள். ஜெயப்ரியா குழாயைத் திறந்துவிட்டு, சோப்பை நீட்டினாள். "நல்லாத் தேய்ங்கப்பா" என்றாள். குரல் இன்னும் சரியாகவில்லை, ஆனால் சிரித்தாள்.

தேய்த்தும் கிரீஸ் போகவில்லை. சாம்பாரில் அந்த வாடை அடித்தது. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.