உள்ளே மடித்த துணி

குருவியின் பள்ளி ஸ்கர்ட் மறுபடியும் தையல் மேசைக்கு வந்தது. போன வாரம்தான் இடுப்பைப் பிடித்துத் தைத்திருந்தாள் அம்மா.

"நடந்தா இறங்குதும்மா. ஒரு கையில பை, ஒரு கையில இது. பஸ் வந்தா எதைப் பிடிச்சுட்டு ஏறுறது?" என்றாள் மகள். பன்னிரண்டு முடிந்த பெண். பேச ஆரம்பித்த நாளிலிருந்து வாய் ஓயாததால் குருவி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நாளாகத்தான் அந்தச் சத்தம் குறைந்திருந்தது.

முன்னறைதான் அம்மாவின் தையல் கடை. வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடி மகளின் இடுப்பைச் சுற்றி டேப்பை ஓட்டினாள். அளவு இன்னும் குறைந்திருந்தது. மகளைப் பார்க்காமல் டேப்பை முறைத்தாள்.

துணி டேப் பழசானால் இழுபட்டு நீளும். நீண்ட டேப் எதை அளந்தாலும் குறைத்துத்தான் சொல்லும். அளவு உதைத்தால் முதலில் டேப்பைச் சந்தேகப்படு என்பது அவள் கைக்குப் பழகிய பாடம்.

"கிழடாயிடுச்சு, பொய் சொல்லுது," என்றாள் ஊசிகளுக்கிடையில்.

"டேப்பு பொய் சொன்னா பாவாடை ஏம்மா இறங்குது?"

"துணி மட்டம். துவைக்கத் துவைக்க இளகுது."

"அப்ப டேப்பும் தப்பு, துணியும் தப்பு. டெய்லர் மட்டும் சரி."

அவள் சிரிப்பாள் என்று அம்மா காத்திருந்தாள். குருவி சிரிக்கவில்லை. தண்ணீர்க் குடுவையைச் சாய்த்துக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, வெட்டாத துணி மூட்டைகளின் மேல் சாய்ந்துகொண்டாள்.

மாலையில் பேருந்து ஓட்டிவிட்டு வந்த அப்பா, அம்மா போனில் சொன்னபடி புது டேப் வாங்கி வந்திருந்தார். காலிக் குடுவையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார்.

"குருவின்னு பேர் வச்சது தப்பு, டெய்லரம்மா. ஒட்டகம்னு வச்சிருக்கணும். ஒட்டகமாவது ஒருதரம் குடிச்சா ஒரு வாரம் தாங்கும். இவ குடிச்ச கையோட பாத்ரூமுக்கு ஓடுறா."

"வெயில் காலம். வளர்ற பிள்ளை. உயரம் போடும்போது சதை வடியத்தான் செய்யும்," என்றாள் அம்மா. எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. "பொறுப்பும் வந்திருக்கு. காலையில நான் எழுந்திருக்கிறதுக்குள்ள தன் பெட்ஷீட்டைத் தானே துவைச்சுப் போட்டுடுறா."

"தினமுமா?" என்று கேட்டுவிட்டு அவர் முகம் கழுவப் போனார்.

அந்த ஒரு சொல் அறையிலேயே நின்றது. அம்மா புது டேப்பைப் பிரித்து மேசைமேல் நீளமாக விரித்தாள். பக்கத்தில் பழையதை வைத்து, முனையோடு முனை சேர்த்து, விரலால் நீவிக்கொண்டே போனாள். கோட்டுக்குக் கோடு பொருந்தியது. ஒரு மயிரிழைகூடப் பிசகவில்லை.

கிழட்டு டேப் இத்தனை நாளும் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. மகளைக் கவனிக்காமல் அவள்தான் அதை விசாரித்துக்கொண்டிருந்தாள். ஒரு பயத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதவரை அது வாசலிலேயே நின்றுவிடும் என்று எண்ணியிருந்தாளோ என்னவோ.

மூட்டையருகில் மண்டியிட்டாள். "கண்ணு, பெட்ஷீட்டை ஏன் துவைக்கிறே?"

குருவி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். சுவரைப் பார்த்தே சொன்னாள். "அப்பாகிட்ட சொல்லாதே. தூக்கத்துல போயிடுது. இத்தனை பெரியவளாகியும்... தண்ணி குடிக்காம படுத்துப் பார்த்தேன். நாக்கு ஒட்டிக்குதும்மா."

அம்மா அவளைத் திருப்பி மார்போடு அணைத்தாள். தோளெலும்பு உள்ளங்கையில் குத்தியது. மூச்சில் பழுத்துப்போன பழத்தின் வாடை. எந்தக் கணக்கில் எதைச் சேர்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் தாகம், ஓட்டம், இளைப்பு, ஈரம் எல்லாம் ஒரே நூலில் கோத்தவை என்று மட்டும் பட்டது.

"கிளம்புங்க. டாக்டர்கிட்ட போறோம்," என்றாள் கணவரிடம்.

"இப்பவா? காலையில பாத்துக்கலாமே."

"துணிதான் காலைக்குக் காத்திருக்கும். பிள்ளை காத்திருக்காது."

தெருமுனை மருத்துவமனையில் இருந்த பெண் டாக்டர், அம்மா சொல்லி முடிப்பதற்குள்ளேயே குருவியின் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துவிட்டார். சின்னக் கருவியைப் பார்த்ததும் அவர் குரல் நிதானமானது. "ரத்தத்துல சர்க்கரை ரொம்ப ஏறியிருக்கு. பெரிய ஆஸ்பத்திரிக்குச் சொல்லிடறேன். இப்பவே சேர்க்கணும்."

"சர்க்கரையா? பன்னெண்டு வயசுப் பிள்ளைக்கா? நான் இனிப்பு நிறையக் கொடுத்துட்டேனா டாக்டர்?"

"இனிப்பால வந்தது இல்லம்மா. நீங்க எதையும் தப்பாச் செய்யல. உடம்புல இன்சுலின் சுரக்கிறது நின்னுபோச்சு, பிள்ளைங்களுக்கும் வரும். இன்னும் தாமதிச்சிருந்தாதான் ஆபத்து."

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒட்டகம் என்ற சொல்லை எங்கே கொண்டுபோய் மறைப்பது என்று தெரியாதவர்போல.

பெரிய மருத்துவமனையில் டிரிப்ஸும் இன்சுலினும் ஏற ஏறக் குருவியின் முகம் தெளிந்தது. வீடு திரும்பும் நாள் நெருங்கியபோது, ஊசி போடும் விதத்தை அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தார் நர்ஸ். ஆயுள் முழுக்கத் துணியில் ஊசி ஏற்றிய விரல்கள் அன்று நடுங்கின.

"தினமும் போட்டுக்கணுமாம்மா?" என்றாள் குருவி.

"ஆமா கண்ணு."

"நம்ம வீட்ல ஊசிக்கா பஞ்சம்," என்றாள் மகள். பழைய குரல் பாதி திரும்பியிருந்தது. "நடுங்காதே டெய்லரம்மா. நேராத் தையி."

அம்மா சிரித்தாள், கண் நிறைந்தது, ஊசி இறங்கியது. குருவி உதட்டைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். பிறகு சட்டென்று ஞாபகம் வந்தவளாகக் கேட்டாள்:

"நான் மறுபடி சதை போடுவேன்னு டாக்டர் சொல்றாங்க. நீ என் ஸ்கர்ட்டைப் பிடிச்சுத் தச்சியே, மிச்சத் துணியை வெட்டிட்டியா?"

"வெட்டலடி. உள்ளே மடிச்சுத்தான் விட்டிருக்கேன். நூலைப் பிரிச்சா பழைய அளவு வந்துடும்."

கைப்பையிலிருந்து பழைய டேப்பை எடுத்து மகளின் இடுப்பைச் சுற்றினாள். இந்தத் தடவை அது சொன்னதை அப்படியே நம்பினாள்.