இரங்கல் குழுவில் வந்த அறுவடை வரிசை

சோறு தின்னும் சகல ஜீவராசிகளும் எழுந்து நின்று கேட்க வேண்டிய செய்தி இது: தஞ்சாவூருக்குக் கிழக்கே சூசையப்பர்கட்டளை என்னும் ஊரில், தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், மாலை ஐந்து மணிக்கு எதிர்காலம் தொடங்கியது. ஐந்து மணி என்பது அழைப்பிதழில் போட்டிருந்த நேரம். பங்குச்சாமியார் வரத் தாமதமானதால் எதிர்காலம் ஆறரைக்குத்தான் தொடங்க முடிந்தது.

எதிர்காலத்தைக் கையோடு கூட்டிவந்தவர் ரெமிஜியஸ். துபாயில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊர் திரும்பி, உழவர் சங்கத்துக்குத் தலைவரானவர். அவர் திறந்துவைத்தது ‘அறுவடை 360’ என்னும் செயலி. அறுவடை இயந்திரத்துக்காக இனி யாரும் தரகர் பின்னால் அலைய வேண்டாம், போனில் ஒரு தட்டு போதும். முந்நூற்று அறுபது எதற்கு என்று ஒருவர் கேட்டதற்கு, அது எல்லாப் பக்கமும் பார்க்கும் என்றார். ‘சீர்குலைக்கும் புத்தாக்கம்’ என்று பேச்சில் பலமுறை சொன்னார். சீர்குலைவு என்றதும் சங்கத்துக்குள் ஏதோ தகராறு என்று முன்வரிசைக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

செயலியை எழுதியவள் கனிமொழி. கடைத்தெருவில் இ-சேவை மையம் நடத்துகிறாள். அவள் பெயர் தலைவரின் பேச்சில் வரவில்லை, நேரமின்மை காரணம். அதைப் பற்றி அவளுக்குக் கவலையும் இல்லை. அவள் கவலையெல்லாம் மேலவெளி வயல்காட்டில் கிடந்த நாலு மா, அதாவது ஒன்றேகால் ஏக்கர், சம்பா நெல்லைப் பற்றித்தான்.

அந்த நாலு மாவை அவள் அப்பா செல்லதுரை, ஆயுள் முழுக்க அடுத்தவர் வயலில் கூலிக்கு அறுத்த பிறகு வாங்கினார். சாலையோர வயலை அவருக்கு விற்க அன்றைக்கு யாருக்கும் மனசு வரவில்லை. உள்ளே கிடந்ததைத்தான் விற்றார்கள். உள் வயலுக்கு வண்டிப்பாதை கிடையாது. முன்னால் இருப்பவர் அறுத்தால் அவர் வயலில் மிஞ்சும் அடித்தாளின் மேல் ஏறித்தான் இயந்திரம் உள்ளே போக முடியும். முன்னால் இருப்பவர் அறுக்கும் வரை பின்னால் இருப்பவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். செல்லதுரை வருஷா வருஷம் பார்த்தார். இந்த வருஷம் பொங்கல் மழையில் கதிர் சாய்ந்துவிட்டது. அடுத்த வாரம் சனிக்கிழமை மறுபடியும் மழை என்று வானிலை அறிக்கை சொன்னது. இன்னொரு முறை நனைந்தால் கதிரிலேயே நெல் முளைத்துவிடும்.

செயலி முந்தியவருக்கு முதலிடம் என்ற முறையில் இயங்கியது. எழுதியவள் அவளே ஆனதால் முந்தியவளும் அவளே. திங்கட்கிழமை காலை நாகூர்ப் பக்கத்திலிருந்து யூனுஸ் என்பவர் தன் பெல்ட் வைத்த அறுவடை வண்டியை லாரியில் ஏற்றி வந்து இறக்கினார். செயலி செல்லதுரையின் வயலைக் காட்டியது. சாலைக்கும் அந்த வயலுக்கும் நடுவில் சிங்கராயரின் பயிர் அறுபடாமல் நின்றது.

சிங்கராயர் முன்னாள் ஊராட்சித் தலைவர். தலைவராக இருந்த காலத்தைவிட முன்னாளாக இருக்கும் காலத்தில்தான் தலைமைக் களை கூடிற்று. தன் வாடிக்கைத் தரகர் அடுத்த வாரம் வண்டி அனுப்புவார், அதுவரை தன் வயலில் யாரும் கால் வைக்கக் கூடாது என்று சொல்லியனுப்பினார். எதிர்காலம் உச்சிவெயில் வரை சாலையில் நின்றது. டீக்கடையே திரண்டு வந்து அதைப் பார்த்துவிட்டுப் போனது.

வண்டியை மறுபடியும் லாரியில் ஏற்றும்போது யூனுஸ் கனிமொழியிடம் சொன்னார்: “உங்க போன்ல வயல் இருக்கு தங்கச்சி, வழி இல்ல.”

அவளுக்குத் தெரியாததா? அந்த வழியில்லாத வயலில்தானே வளர்ந்தாள். தெரிந்ததைக் கணினிக்குச் சொல்ல மறந்துவிட்டாள்.

இரண்டு நாள் மையத்தின் கதவைப் பாதி சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். செயற்கைக்கோள் படத்தை வைத்து, எந்த வயலை அறுத்தால் எந்த வயலுக்கு வழி திறக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். செயலி புது வரிசை போட்டது. இயந்திரம் ஒரு முனையில் இறங்கினால் மேலவெளி முழுக்க அறுத்துவிட்டு மறுமுனையில் கரையேறிவிடலாம். சும்மா சுற்றும் சுற்றே கிடையாது. போனில் பார்த்த யூனுஸ் வியாழக்கிழமை வருவதாகச் சொன்னார். டீசல் மிச்சமானால் மணி வாடகையும் குறைப்பேன் என்றார். ரெமிஜியஸ் தன் பங்குக்கு ‘அறுவடை 360 ப்ளஸ்’ என்று பெயர் மாற்றினார்.

வரிசையில் முதல் பெயர் சிங்கராயர். அவரிடம் பேச ரெமிஜியஸ்தான் பொருத்தம் என்று கனிமொழி நினைத்தாள். ரெமிஜியஸுக்குத் திடீரென்று பல் வலி வந்தது. அவளே போனாள்.

“ஏம்மா, என் வயல்ல எப்ப அறுக்கணும்னு செல்லதுரை வூட்டு போனு சொல்லுமா?” என்றார் சிங்கராயர்.

“சொல்லாதுங்க அய்யா. கேக்கும்.”

வரிசையைக் காட்டுவதற்குள் அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். மற்றவர்களும் செயலியைத் திறந்து பார்க்கவில்லை. அடுத்தவர் பார்த்துச் சொல்லட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

ஆனால் ஊரே பார்க்கும் வாட்ஸ்அப் குழு ஒன்று இருந்தது. அதற்கு ‘கண்ணீர் அஞ்சலி’ என்று பெயர். சாவுச் செய்தி மட்டும்தான் வரும். காலை வணக்கம், ரோஜாப்பூ எதற்கும் அனுமதியில்லை. நாகப்பட்டினம் முதல் குவைத் வரை ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். பங்காளியோடு பேசாதவனும் பங்காளியின் சாவைத் தவறவிட மாட்டான். செய்திகளைத் தட்டச்சு செய்து போடுபவள் கனிமொழிதான். புதன்கிழமை மாலை, வேறு வழி தெரியாமல், வரிசையை அதில் போட்டாள். பழக்கதோஷத்தில் கை, பெயர், நேரம், இடம் என்றே அடித்தது:

‘திரு. சிங்கராயர். வியாழன் காலை 7 மணி. மேலவெளி.’

கீழே மற்றவர்கள் பெயர் வரிசையாக இருந்தது. அந்தக் குழுவில் முதல் வரிக்கு மேல் படிக்கும் வழக்கம் யாருக்கும் இல்லை, ஒரு நேரத்தில் ஒருவர்தான் சாவார். அவள் போனைக் கீழே வைப்பதற்குள் முதல் ‘ஆழ்ந்த இரங்கல்’ வந்துவிட்டது. குவைத்திலிருந்து ஒருவர் அவர் ஆன்மாவுக்கு நித்திய இளைப்பாற்றி வேண்டினார். கல்லறைக்குப் போகாமல் வயலிலேயே அடக்கமா என்று ஒருவர் கேட்க, அவர் செய்யக்கூடியவர்தான் என்று இன்னொருவர் பதில் போட்டார். இது அறுவடை வரிசை என்று கனிமொழி பதறிப்போய் எழுதினாள். அதற்கும் இரண்டு பேர் ஆழ்ந்த இரங்கல் தெரிவித்தார்கள்.

வியாழன் காலை சிங்கராயர் வாசலில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது நாகப்பட்டினத்திலிருந்து கார் வந்து நின்றது. தங்கை பாத்திமா மேரி ஆளுயர மாலையோடு, தலைவிரி கோலமாக, அழுதுகொண்டே இறங்கினார்.

“எவன் செத்தான்?” என்றார் சிங்கராயர்.

பாத்திமா மேரிக்கு அழுகை பாதியில் நின்றது. “நீங்கதான்ணே.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிங்கராயர் மேலவெளிக்கு நடந்தார். பின்னால் தங்கை மாலையோடு ஓடினார். அங்கே ஊரே நின்றது. செத்தவர் நடந்து வருவதைக் கண்டதும் சிலர் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்கள். வாங்கியது வாங்கியாயிற்று, போட்டுவிடலாமா என்று யோசித்தவர்களும் உண்டு. சாலையில் யூனுஸின் வண்டி நின்றது.

“என்னைய எடுத்து அடக்கம் பண்ணிட்டியாமே?”

வண்டியோரம் நின்ற கனிமொழியைப் பார்த்துத்தான் கேட்டார். இவர் இன்றைக்கு மாட்டேன் என்றால் சனிக்கிழமை மழை, அதோடு அப்பாவின் நெல் முளை கட்டிவிடும். போனை அவர் முன்னால் நீட்டினாள்.

“தப்பு என்னோடதுதான் அய்யா. ஆனா பாருங்க, எங்கப்பா அஞ்சாவது. மொதப் பேரு ஒங்களோடது. நீங்க வழி விட்டாத்தான் இந்த மேலவெளிக்கே வழி.”

சிங்கராயர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிசையை இரண்டு முறை படித்தார். முதல் பெயர் முதல் பெயராகவே இருந்தது. தலையை நிமிர்த்திக் கூட்டத்தைப் பார்த்தார். கடைசித் தேர்தலில்கூட அவருக்கு இவ்வளவு பேர் வந்ததில்லை. தங்கை கையிலிருந்த மாலையை வாங்கி இயந்திரத்தின் முன்னால் போட்டார். இந்தப் பணியைத் தானே தொடங்கிவைப்பதாக அறிவித்தார். அன்புள்ள பெரியோர்களே என்று பேச ஆரம்பித்ததும் யூனுஸ் எஞ்சினைக் கிளப்பினார்.

வண்டி சிங்கராயர் வயலில் இறங்கியது. தாளின் மேல் ஏறி அடுத்ததற்குப் போனது. எங்கும் நிற்கவில்லை, திரும்பி வரவுமில்லை. பிற்பகலில் செல்லதுரையின் வயலுக்குள் நுழைந்தபோது அங்கே நெல் பிடிக்கச் சாக்கு இல்லை. தன் முறை வர எப்படியும் ஒரு வாரம் ஆகும் என்று பழைய நினைப்பில் அவர் வாங்கி வைக்கவில்லை. கனிமொழி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சாக்கு வாங்கக் கடைத்தெருவுக்குப் பறந்தாள். முன் வயலும் உள் வயலும் ஒரே நாளில் அறுபட்டதை மேலவெளி அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தது.

வெள்ளிக்கிழமைக்குள் அந்த வெளி முழுக்கத் தாளாகிவிட்டது. யூனுஸ் சொன்னபடி வாடகையைக் குறைத்தார். பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் வயலுக்கும் வரிசை போட்டுத் தரச் சொல்லி மையத்து வாசலில் நின்றார்கள். கனிமொழி அவர்களை முதலில் உட்காரவைத்து, எந்த வயலுக்கு எந்த வயல் வழியாகப் போவீர்கள் என்று கேட்டாள். அதிலேயே ஒரு சண்டை மூண்டு, அவள் முன்னாலேயே சமாதானமும் ஆனது.

பல் வலி நீங்கிய ரெமிஜியஸ் சனிக்கிழமை மாலை பாராட்டு விழா வைத்தார். நனையாத பந்தல் போட்டு, ‘மழையை வென்ற தொழில்நுட்பம்’ என்று பேனர் கட்டி, சிங்கராயரை நடுநாற்காலியில் உட்காரவைத்து நெடுநேரம் பேசினார். இந்த முறை கனிமொழியின் பெயரையும் சொன்னார்.

சனிக்கிழமை மழை பெய்யவில்லை.