கிரனாதாவுக்கு இரண்டு நாள்

ஸ்பெயினின் கிரனாதா நகருக்கான பயணத் திட்டம் முழுக்கக் கசில்தா போட்டது. ஆலிவ் தோப்புகளுக்கு நடுவே இருந்த அவள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்தான். ஐம்பத்திரண்டு வயதாகியும் அவள் போனதில்லை. படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமனார் அனாக்லேதோவை விட்டு எங்கே நகர்வது? பதினான்கு வருடமாக அவருக்கு ஊட்டிவிட்டு, மூத்திரத்துணி மாற்றியே ஓய்ந்துபோயிருந்தாள்.

அவர் கட்டிலோரம் வரைபடத்தை விரித்துத்தான் யோசித்தாள். வியாழன் பதினொன்றரைக்கு அல்ஹாம்ப்ரா அரண்மனை. சாயங்காலம் பழைய தெருக்கள் வழியே மேடேறி, உச்சியில் நின்று அரண்மனையைப் பார்ப்பது. மறுநாள் பெரிய மாதா கோயில், மதியம் பஸ். மாதர் சங்கத்தின் முப்பது பேருக்கும் மூன்று மாதம் முன்பே டிக்கெட் எடுத்தாயிற்று. அதில் பெயரும் அடையாள அட்டை எண்ணும் இருக்கும். தேதியை மாற்ற வழியில்லை.

ஒரே ஒரு பயம்தான். ஊரில் யாராவது செத்து, கோயிலில் துக்க மணி அடித்துவிட்டால், அடக்கம் முடியும்வரை ஒருவரும் ஊரைவிட்டு நகரக்கூடாது. அதனால் சங்கத்துக் கண்ணெல்லாம் அனாக்லேதோ மேல்தான்.

"கிழவனுக்கு மூச்சு எப்படி இருக்குடி?" சங்கத் தலைவி லெயோகாதியா தினமும் கேட்டாள். "வெள்ளிக்கிழமை வரைக்கும் எப்படியாவது இழுத்துப் பிடிச்சு வை. அப்புறம் அவர் இஷ்டம்."

ஆளுக்கொரு நாள் கோழி சூப் கொண்டுவந்தார்கள். அந்த மனுஷனை வாழ்நாளில் இத்தனை பேர் விசாரித்ததில்லை.

வியாழன் காலை ஆறு மணிக்குக் கசில்தா அவர் நெற்றியைத் தொட்டாள். சில்லிட்டிருந்தது. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இந்த இரண்டு நாளும் அவரைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்ட நாத்தனார் எட்டு மணிக்குத்தான் வருவாள். வந்து அவளே கண்டுபிடிக்கட்டும் என்று பையைத் தூக்கிக்கொண்டு சதுக்கத்துக்கு வந்தாள்.

பஸ் வாசலில் நின்ற லெயோகாதியா அவள் முகத்தைப் பார்த்தாள்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்கே? கிழவன் நல்லாத்தானே இருக்கான்?"

கசில்தாவுக்குப் பொய் வரவில்லை. "போயிட்டாருக்கா."

லெயோகாதியா கோயில் கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"மணி அடிச்சாச்சா?"

"இல்லை. யாருக்கும் சொல்லலை."

"மணி அடிக்காத வரைக்கும் யாரும் சாகலை. நாங்க ஊரெல்லை ரோட்டு வளைவைத் தாண்டுற வரைக்கும் வாயைத் திறக்காதே. வீட்டுக்குப் போ."

"யாரும் சாகலைன்னா நான் எதுக்குக்கா வீட்டுக்குப் போகணும்? நானும் வர்றேன்."

"அடிப்பாவி!" பின்சீட்டிலிருந்து தொமாசா கத்தினாள். "மாமனார் பொணமாக் கிடக்காரு, உனக்கு அரண்மனை கேக்குதா? நெஞ்சுல ஈரமே இல்லையா?"

"நீங்க மட்டும் போகலாமா?"

"எங்களுக்குத்தான் எதுவும் தெரியாதே," என்றாள் லெயோகாதியா, சாவகாசமாக. "உனக்குத்தானே தெரியும். அந்தத் திட்டம் எழுதின தாளைக் கொடுத்துட்டுப் போ. எங்களுக்கு வழி தெரிய வேணாமா?"

கசில்தா கொடுத்தாள். கேட்டதைக் கொடுத்தே பழகிய கை. அவளுடைய ஜன்னலோர சீட்டில் யாரோ தின்பண்டப் பையை வைத்தார்கள். கதவு மூடியது.

பஸ் சதுக்கத்தைச் சுற்றி இறங்கியது. கசில்தா வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. நேரே கோயிலுக்குள் போய், மணிக்கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பையே தொங்கவிட்டு இழுத்தாள். தோப்பில் வேலை செய்தவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். ஓட்டுநரும் உள்ளூர்க்காரன்தான். வளைவுக்கு முன்னாலேயே வண்டியை நிறுத்தி, சிலுவை போட்டுக்கொண்டான்.

அப்படியொரு சந்தோஷம் கசில்தாவுக்கு வாழ்நாளில் வந்ததில்லை. இருபத்தொன்பது பேரும் பஸ்ஸை விட்டிறங்கி, மேடேறி நடந்து வந்து சேரும்வரை அவள் கயிற்றை விடவில்லை.