வடக்குத் தொங்கலில் அவ்வாஉம்மா

இறந்தவர்களை அடக்கும் எங்கள் ஊர் மையவாடி கடலுக்கு மிகக் கிட்ட. கல்முனையிலிருந்து தெற்கே வருகிறவர்கள் பிரதான வீதியை விட்டுக் கடற்கரைப் பக்கம் திரும்பினால் அதன் மதில்தான் முதலில் தெரியும். இருநூறு வருசப் பழசு என்பார்கள். மதறசா தொடங்கிய ஆதம்லெவ்வை ஆலிம் அங்கேதான் அடங்கியிருக்கிறார். வாய்க்கால் வெட்டி மேட்டுக்காணியை வயலாக்கிய உதுமாலெவ்வைப் போடியார், கொலரா வந்த வருசம் ஊரைவிட்டு ஓடாமல் நின்று மருந்து கொடுத்த அப்போதிக்கரி, கவி கட்டிப் பேரெடுத்த சீனிப் புலவர் எல்லாரும் அங்கேதான். சுனாமி மதிலையும் தலைமாட்டில் நட்ட மீசான் கட்டைகளையும் ஒன்றாக அள்ளிக்கொண்டு போனது. யார் எங்கே என்று சொல்ல, கபுறுக் குழி வெட்டும் அபூசாலி காக்காவின் ஞாபகம் மட்டும்தான் மிஞ்சியது.

யுத்தம் முடிந்த 2009இல் புது மதில் எழும்பியது. வாசலில் கறுப்புக் கல் பதித்து, அங்கே அடங்கியிருக்கும் பெரியார்கள் பன்னிரண்டு பேரின் பெயரை வெட்டுவதென்று பள்ளிவாசல் நிர்வாகம் தீர்மானித்தது. நான் நிர்வாகச் செயலாளர். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பிக்கிறவன் என்பதால் பெயர்களைத் தெரிவு செய்யும் வேலை என்னிடம் வந்தது. பன்னிரண்டு பேரும் ஆண்கள் என்பது கைருன்னிஸா வந்து கேட்கும்வரை என் கண்ணில் படவே இல்லை.

கைருன்னிஸா அரிசி ஆலையில் நெல் அவிப்பவள். நாற்பது வயதிருக்கும். நிர்வாகக் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது கந்தோர் வாசலில் வந்து நின்றாள்.

"எங்கட உம்மாட பேர் அந்தக் கல்லுல வரோணும்" என்றாள்.

தலைவர் கச்சிமுகம்மது ஹாஜியார் நிமிர்ந்து பார்த்தார். "அது ஊருக்குச் சேவை செஞ்ச ஆக்கள்ற பேர் புள்ள."

"எங்கட உம்மா செஞ்சது என்ன?"

அவளுடைய உம்மா அவ்வாஉம்மா, மருத்துவிச்சி. நாற்பது வருசமாக ஊரில் பிள்ளைப்பேறு பார்த்தவர். என் மூத்த மகள் கால் முன்னுக்கு வந்து பிறந்தவள். ஊரடங்குச் சட்டம், ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. அவ்வாஉம்மாதான் விடியும்வரை மல்லுக்கட்டித் தாயையும் பிள்ளையையும் என் கையில் தந்தார். எங்கள் ஊருக்கும் தமிழ் ஊரான காரைதீவுக்கும் இடையில் கலவரம் மூண்டு வீடுகள் எரிந்த நாட்களில், அந்த ஊர் மேசன் அழகரெத்தினத்தின் மனைவிக்கு வலி வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, வயல் வரம்பால் தனியே நடந்து போனவர். திரும்பி வந்தபோது எங்கள் ஆட்களே அவரை வழிமறித்துக் கேள்வி கேட்டார்கள். "புள்ள வாறத்துக்கு உங்களுக்கிட்டப் பாஸ் எடுக்கோணுமா?" என்று கேட்டுவிட்டு நடந்தாராம்.

சுனாமி வந்த அன்று காலையிலும் அவர் கடற்கரையில் ஒரு வீட்டில் பேறு பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் ஒருவரும் மிஞ்சவில்லை. மடியில் செருகியிருந்த கத்தரிக்கோலை வைத்துத்தான் மகள் உம்மாவை அடையாளம் கண்டாள். மையவாடியின் மேற்குப் பக்கம் நீளமாக வெட்டிய ஒரே குழியில் அறுபத்து மூன்று பேரை அடக்கினோம்.

இவ்வளவும் தெரிந்த நான் அன்று கூட்டத்தில் வாய் திறக்கவில்லை. "பொம்புளைட பேரக் கல்லுல வெட்டி வாசல்ல வெக்கிற வழக்கம் நமக்கு இல்ல" என்றார் ஹாஜியார். கைருன்னிஸா போய்விட்டாள்.

அடுத்த கிழமை பொதுக்குழியின் ஓரத்தில் ஒரு சீமெந்துப் பலகை நடப்பட்டிருந்தது. 'மருத்துவிச்சி அவ்வாஉம்மா' என்று கைருன்னிஸா ஆணியால் கீறியிருந்தாள். நிர்வாகம் அதைப் பிடுங்கிக் கந்தோருக்குப் பின்னால் போட்டது. அவள் வந்து தூக்கிக்கொண்டு போய் அதே இடத்தில் திரும்ப நட்டாள். இந்த முறை அதை இரண்டாக உடைத்துப் போட்டார்கள். இனி மையவாடிக்குள் காலடி வைக்கக்கூடாது என்று அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். கையெழுத்தும் வைத்தேன்.

அந்தக் கடிதத்தின் பின்பக்கத்திலேயே பதில் வந்தது: "வாசிச்சன். வியாழக்கிழமை பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு கொங்கிறீட் போடுறன். எல்லாரும் வரலாம்."

வியாழக்கிழமை லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்று மணலும் கல்லும் ஏற்றி வந்தது. ஓட்டி வந்தவர் அழகரெத்தினம். கைருன்னிஸா முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு மண்வெட்டியால் கலவை குழைத்தாள். பொதுக்குழியின் வடக்குத் தொங்கலில், அது முடிகிற முனைக்குச் சற்று வெளியே, மூன்றடி ஆழத்துக்குக் கம்பி கட்டிக் கொங்கிறீட்டை இறக்கினார்கள். நிர்வாகத்தார் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மேற்பரப்பை மட்டம் தட்டி, அழகரெத்தினம் பெயரை எழுதிக்கொண்டிருந்தார்.

"கபுறடியில எழுதப்படாது எண்டு மார்க்கத்தில இருக்கு. தெரியுமா உனக்கு?" என்றார் ஹாஜியார்.

"தெரியும். நான் கபுறுக்கு மேல எழுதல்ல, ஓரத்திலதான் எழுதின. வாசல்ல பன்னிரண்டு பேரு எழுதிக் கிடக்கே ஹாஜியார், அது ஆர்ர மார்க்கம்?"

ஹாஜியார் அழகரெத்தினத்தின் பக்கம் திரும்பினார். "நீ வெளியூரான். உனக்கு இஞ்ச என்ன வேலை?"

அழகரெத்தினம் எழுத்தை முடித்துவிட்டுத்தான் எழும்பினார். "எங்கட மகள் தர்சிகா இப்ப கெம்பஸ்ல படிக்கிறாள் ஐயா. அந்த அம்மா வரம்பால வராட்டி அவளும் இல்ல, தாயும் இல்ல. பொலிசுக்குச் சொல்றதெண்டா சொல்லுங்கோ. நான் வீட்டதான் இருப்பன்."

சனிக்கிழமை அதை உடைக்க ஆள் தேடினார்கள். ஹாஜியார் முதலில் அபூசாலி காக்காவைத்தான் கூப்பிட்டார்.

"இந்தக் கையாலதான் அவவ உள்ளுக்கு வெச்ச நான்" என்றார் காக்கா. "இதே கையால ஏலா. வேற ஆளப் பாருங்க."

வேறு ஆட்கள் என்று நான்கு பேரைக் கேட்டார்கள். ஒருவனுக்கு முதுகு நோ, ஒருவனுக்கு வயலில் வேலை. மற்ற இரண்டு பேர், "அத உடைச்சா எங்கட உம்மா வீட்டுக்குள்ள எடுக்கமாட்டா" என்று நேராகவே சொன்னார்கள். அப்போது ஹாஜியார் என்னிடம், பொலிசுக்கு முறைப்பாடு எழுதச் சொன்னார்.

"ஏலா ஹாஜியார்" என்றேன்.

"என்ன?"

"நான் எழுதமாட்டன். அந்தப் பன்னிரண்டு பேரையும் தெரிவு செஞ்சது நான்தான். பிழையாச் செஞ்சிட்டன். நாளைக்குக் கூட்டத்தில எழும்பி அதையும் சொல்லுவன். செயலாளர் வேணாமெண்டா வேற ஆளப் போடுங்க."

ஹாஜியார் கந்தோர் மூலையில் கிடந்த இரும்பு அலவாங்கைத் தானே தூக்கிக்கொண்டு மையவாடிக்கு நடந்தார். எழுபது வயது மனிதர், பட்டப்பகல் வெயில். பின்னால் நாங்கள் ஏழெட்டுப் பேர். கைருன்னிஸாவுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஆலையிலிருந்து உமி ஒட்டிய உடுப்போடு வந்து, கொங்கிறீட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாள். தடுக்கவில்லை.

ஹாஜியார் ஓங்கிக் குத்தினார். மூன்று குத்து. கொங்கிறீட்டில் வெள்ளைப் புள்ளிகள் விழுந்தன, அவ்வளவுதான். நான்காம் முறை அலவாங்கைத் தூக்க அவருக்கு மூச்சு வரவில்லை. அதை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"குத்துங்க" என்றாள் கைருன்னிஸா. "உடைஞ்சா நான் திரும்பப் போடுவன். எனக்கு நாப்பது வயசு. எத்தன தரமும் போடலாம்."

ஹாஜியார் அலவாங்கைக் கீழே போட்டுவிட்டு வாசல் பக்கம் நடந்தார். அபூசாலி காக்கா போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மணலில் கால் புதையும் இடம் அது.

மறுநாள் கூட்டத்தில் எழும்பி, சொல்லுவேன் என்றதைச் சொன்னேன். புதுச் செயலாளர் ஒருவரைப் போட்டார்கள். வாசல் கல்லில் இன்றைக்கும் பன்னிரண்டு பெயர்கள்தான். பின்பு வந்த நிர்வாகம் ஒன்றும் பதின்மூன்றாவதைச் சேர்க்கவில்லை. ஆனால் வடக்குத் தொங்கலில் இருப்பதைத் தொடவும் எவரும் துணியவில்லை. கைருன்னிஸா நினைத்த நேரம் வாசலால் உள்ளே வருகிறாள், எழுத்தில் படிந்த மணலைத் துடைக்கிறாள், உம்மாவுக்காகத் துஆ ஓதுகிறாள், போகிறாள். இப்போது அவளோடு வேறு பெண்களும் வருகிறார்கள்.