நாலாவது மூச்சு

எங்கள் டைரக்டருக்கு முடிவெடுப்பது என்றாலே வேப்பங்காய். மூன்று பாகமாக வரும் விண்வெளி ஒலி நாடகத்தில் கடைசிப் பாகத்தைப் பதிவு செய்யும் நாள் வந்துவிட்டது. கதையில் அந்த வேண்டாத ஆள் யார் என்று மனுஷனுக்கே இன்னும் தெரியாது.

கதை இதுதான். பூமிக்குத் திரும்பிக்கொண்டிருக்கும் விண்கலத்தில் மூன்று பேருக்கு மட்டுமே காற்று இருக்கிறது. ஆனால் உள்ளே நான்கு பேர்: கேப்டன், டாக்டர், பைலட், மெக்கானிக். எல்லாருக்கும் எல்லாரையும் வருஷக்கணக்காகத் தெரியும். ஆனால் அவர்களில் ஒன்று மனிதரே இல்லை, நடுவழியில் வந்து சேர்ந்தது. வந்ததோடு நிற்காமல் மற்றவர்களின் ஞாபகத்திலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதை வெளியே தள்ளிவிட்டால், அது இருந்ததே யாருக்கும் நினைவிருக்காது. எது அது என்று கேட்டு முதல் இரண்டு பாகத்தின் ரசிகர்கள் எங்கள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"அறையே சொல்லட்டும்," என்றார் டைரக்டர்.

பதிவு முடிந்ததும் நடிகர்கள் அவரவர் மைக் முன்னால் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பது எங்கள் தொழில் வழக்கம். அறையின் அந்த வெறும் மௌனத்தைப் பிடித்து வைத்துக்கொண்டால், பிற்பாடு வசனங்களுக்கு நடுவில் ஒட்டுப்போட உதவும். கடைசிக் காட்சியில் கேப்டன், "யாரும் பேசாதீங்க, மூச்சை எண்ணப்போறேன்," என்பார். அந்த இடத்தில் இந்த மௌனத்தை அப்படியே வைப்பதாம். யாருடைய மூச்சு கேட்கவில்லையோ, அவர் வெளியே. யார் போனாலும் பொருந்தும்படி முடிவு வசனங்களையெல்லாம் பதிவு செய்து முடித்தாகிவிட்டது.

"இதுக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டிருக்கலாமே," என்றேன்.

"நீ கேட்டுச் சொல்லு, போதும்," என்று சாப்பிடக் கிளம்பிவிட்டார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

ஒலித்தொகுப்பு என் வேலை. மெக்கானிக்காக நடிப்பவன் என் தம்பி. அவனை இதில் சேர்த்துவிட்டதே நான்தான். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம்.

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மௌனத்தை ஒவ்வொரு மைக்காகத் திறந்தேன். கேப்டனுக்கு மூக்கில் விசில் அடித்தது. டாக்டர் மூச்சிழுக்கும்போதெல்லாம் கம்மல் கிணுகிணுத்தது. பைலட்டின் மூச்சுக்கு நடுவில் அவர் வயிறு தனியாக வசனம் பேசிக்கொண்டிருந்தது. சிரித்துக்கொண்டே தம்பியின் மைக்கைத் திறந்தேன். ஏசியின் இரைச்சல் மட்டும் கேட்டது.

வயரில் கோளாறு இல்லை. சற்று முன் அதே மைக்கில் அவன் பேசிய வசனம் கணீரென்று இருந்தது. அவனுக்கோ சின்ன வயதிலிருந்தே இளைப்பு. அந்தக் கீச்சுச் சத்தத்தைக் கேட்டபடியே பக்கத்தில் படுத்துத் தூங்கி வளர்ந்தவள் நான். அவனைக் கேலி செய்ய அதே மாதிரி இழுத்துக் காட்டுவேன், அம்மா முதுகில் ஒன்று வைப்பாள். அப்பேர்ப்பட்ட மூச்சு எங்கே போனது?

பழைய பாகங்களைத் திறந்து பார்த்தேன். வசனம் இருந்தது. வசனத்துக்கு முன்னாலும் பின்னாலும் ஒன்றுமில்லை. மற்றவர்களின் மூச்சை வெட்டி வெட்டி என் விரல் தேய்ந்திருக்கிறது. இவன் குரலில் மட்டும் வெட்ட எதுவுமே இருந்ததில்லை. என்ன சுத்தமாகப் பேசுகிறான் என் தம்பி என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன், மடச்சி.

ஊரிலிருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"தம்பிக்கு இளைப்பு வருமே, எப்பம்மா நின்னுது?"

"எந்தத் தம்பிக்கு? சித்தி பிள்ளைக்கா?"

"நம்ம தம்பிக்கும்மா."

அம்மா சிரித்தாள். "வேலை ஜாஸ்தியாடி? ஒத்தப் பிள்ளையப் பெத்தவகிட்ட வந்து தம்பியக் கேக்குற. முதல்ல போய்ச் சாப்பிடு."

அம்மா பேசும்போதெல்லாம் அவனைப் பற்றி ஒரு வார்த்தைகூட விசாரித்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கதவைத் திறந்துகொண்டு தம்பி வந்தான், கையில் எனக்குச் சாப்பாட்டுப் பொட்டலம். என் முகத்தைப் பார்த்தவன் பொட்டலத்தை மெதுவாக மேஜைமேல் வைத்தான்.

"அக்கா, என் மூச்சு கேக்குதா?"

"ஏன்டா?"

"சும்மாதான். சில நேரம் எனக்கே சந்தேகமா இருக்கு."

சிரிக்கத்தான் பார்த்தான், முடியவில்லை. எங்கிருந்து வந்தானோ, எப்போது வந்தானோ. ஆனால் என் தட்டிலிருந்து திருடித் தின்றதும், எனக்காகப் பொய் சொல்லி அடி வாங்கியதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்கு அது போதும். இவனை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

"எருமை மாதிரி மூச்சு விடுற, ஊருக்கே கேக்குது. போடா," என்று விரட்டினேன்.

அவன் போனதும் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்த பதிவறைக்குப் போய் அவன் மைக் முன்னால் நின்றேன். சின்ன வயதில் கேலி செய்த அதே இளைப்பை இழுத்தேன். முதல் மூச்சு லேசாக வந்தது. அடுத்ததிலிருந்து, கிணற்றுக் கயிற்றை மறுமுனையில் யாரோ பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. நான் நிறுத்த நினைத்தபோதும் அது போய்க்கொண்டே இருந்தது. முடிந்தபோது நெஞ்சு லேசாகிவிட்டது. அந்த மூச்சை அவன் இடத்தில் ஒட்டினேன்.

டைரக்டர் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். "நாலும் கேக்குதே! அப்ப எல்லாரும் வீட்டுக்குப் போறாங்க."

"மூணு பேர் காத்துல நாலு பேர் எப்படிங்க பிழைப்பாங்க?" என்றார் கேப்டனாக நடித்தவர்.

"யாராவது விட்டுக்கொடுத்திருப்பாங்க," என்றார் டைரக்டர். முதல்முறையாக உருப்படியாக ஒரு முடிவெடுத்துவிட்ட சந்தோஷம் அவருக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாடகம் வெளியானது. மதியம் தம்பி குளித்துக்கொண்டிருந்தபோது அவன் போன் அடித்தது. திரையில் 'அம்மா' என்று இருந்தது. அள்ளி எடுத்தேன்.

"டேய், கேட்டேன்டா! கடைசியில உன் மூச்சு வந்ததும் அழுதுட்டேன். அந்த இளைப்பு இன்னும் விடலையாடா உன்னை?"

எனக்கும் அழுகை வந்துவிட்டது. "அம்மா, நான்தாம்மா. அவன் குளிக்கிறான்."

அம்மாவின் குரல் சட்டென்று மரியாதையாக மாறியது.

"யாரும்மா நீங்க? கூட வேலை பார்க்கிறவங்களா?"

"அம்மா..."

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. எனக்கு அவன் ஒத்தப் பிள்ளை. உடம்பு வேற சரியில்லாத பையன். கொஞ்சம் பார்த்துக்கங்க."

"பார்த்துக்கிறேன்மா," என்றேன்.

தம்பி தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான். கீச் கீச்சென்று அவன் மூச்சு அறை முழுவதும் கேட்டது. அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவனுக்காவது என்னைத் தெரியவேண்டுமே என்று சாமியை எல்லாம் வேண்டிக்கொண்டேன்.

"போன்ல யாரு, அக்கா?" என்று கேட்டவன், என்னைப் பார்த்ததும் துண்டைக் கீழே போட்டான்.

"அக்கா, ஏன் மூச்சே விடாம நிக்கிற?"